மின் கார்கோ சைக்கிள் ஓட்டப் பழகுவது எப்படி: வெறும் பெட்டியிலிருந்து முழு பாரம் வரை

பாரம் சுமப்பதற்கென்றே செய்த இந்த மோட்டார் சைக்கிளை, அதாவது மின் கார்கோ சைக்கிளை, வாங்கிய முதல் வாரத்தில் நான் கீழே போட்டது ஒரே ஒரு முறை. அப்போது அது ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. வாசலில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பாக்கெட்டில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். பெட்டியில் இரண்டு தண்ணீர் கேன். வண்டி இடப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. பழைய சைக்கிளாக இருந்தால் இடுப்பால் ஒரு முட்டு கொடுத்து நிமிர்த்தியிருப்பேன். இது நிமிரவில்லை. இனி நிமிராது என்று தெரிந்த பிறகும் இரண்டு மூன்று நொடி மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே இருந்ததுதான் கொடுமை. கடைசியில் அதைப் படுக்க வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கேன் மூடி கழன்று காலெல்லாம் ஈரம்.

சைக்கிளில் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கே இது அதிகம் நடக்கிறது. பழைய பழக்கம் ஒவ்வொன்றாகக் காலை வாரும். மோட்டார் இருக்கிறதே, கனம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். மோட்டார் வண்டியை முன்னால் தள்ளும், அவ்வளவுதான். நிற்கும்போது தாங்குவது, ஓடும்போது நிறுத்துவது, மூலையில் திருப்புவது எல்லாம் நம் கை கால்களின் வேலை. அதனால் கீழே எழுதியிருப்பதில் ஓட்டுவதைவிட நிறுத்துவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

கார்கோ சைக்கிள் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வண்டிகள் ஓடுகின்றன. ஒன்றில் கை பழகியவர் இன்னொன்றில் ஏறினால் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

லாங்டெயில் என்பது பின்பக்கம் நீண்ட வண்டி. சீட்டுக்குப் பின்னால் நீளமான கேரியர் இருக்கும். அதில் இரண்டு குழந்தைகளோ நான்கு பெரிய பைகளோ வைக்கலாம். மோட்டாரோடு சேர்த்துப் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். மூன்றில் இதுதான் சாதாரண சைக்கிளுக்கு மிக நெருக்கம். வெறும் வண்டியாக ஓட்டினால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் பாரம் ஏறியதும் குணம் மாறிவிடும்.

இரண்டாவது முன்பெட்டி வண்டி. ஹேண்டில்பாருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே தாழ்வான பெட்டி இருக்கும். டென்மார்க்கில் பிறந்த வடிவம், லாங் ஜான் என்று பெயர். எடை 40 முதல் 60 கிலோ. முதல் அரை மணி நேரம் நம்மை அழவைப்பது இதுதான். அந்த அரை மணி நேரம் கழிந்துவிட்டால், கனமான பாரத்தோடு மூன்றிலும் சுகமாக ஓடுவதும் இதுதான் என்பது என் எண்ணம்; பாரம் தரையோடு ஒட்டிக் கீழே கிடப்பதால் அந்தச் சுகம்.

மூன்றாவது முச்சக்கர வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பெட்டி. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984-இல் உருவான வண்டி இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. நிற்கும்போது விழாது. ஆனால் ஓடும்போது விழும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏறாமலே ஒரு மணி நேரம்

முதல் நாள் உடனே ஏறி ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

சீட்டை வழக்கத்தைவிட இரண்டு மூன்று விரல் தாழ்த்துங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் பதிய வேண்டும். மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் நிற்கும், பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து, சிக்னலில் கால் ஊன்றுவது தானாக வந்த பிறகு, சீட்டைப் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றாமலே விட்டுவிட்டால் முழங்கால் வலிக்கும்.

அடுத்தது ஸ்டாண்டு. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு கால் ஸ்டாண்டுதான் வரும். கையால் தூக்கி நிறுத்தப் பார்ப்பவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டின் காலை உங்கள் பாதத்தால் தரையோடு அழுத்துங்கள். உடம்பின் எடை முழுவதையும் அந்தப் பாதத்தில் போடுங்கள். கை வண்டியைப் பின்னால் இழுத்தால் மட்டும் போதும். வண்டி தானே ஏறி உட்காரும். இறக்கும்போது முன்னால் தள்ளிய கையோடு பிரேக்கைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வெறும் வண்டியில் பத்து முறை, பாரத்தோடு பத்து முறை செய்து பாருங்கள். தரை சரிவாக இருந்தால் ஸ்டாண்டு மட்டும் போதாது. பார்க்கிங் பிரேக் இல்லாத வண்டியில் பிரேக் லீவரையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு ரப்பர் பட்டையை மாட்டிவிடுங்கள். மலிவான வேலை, ஆனால் நான் தினமும் செய்கிறேன்.

அப்புறம் தள்ளிக்கொண்டு நடப்பது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இடுப்பு சீட்டில் உரசும்படி நெருங்கி நில்லுங்கள், வண்டி எப்போதும் உங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். உங்கள் பக்கம் சாய்ந்தால் இடுப்பு தாங்கும். அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் எட்டிப் பிடிக்கவே முடியாது. பின்னால் தள்ளுவது, குறுகிய வழியில் திருப்புவது, ஒரு மேட்டில் ஏற்றுவது எல்லாவற்றையும் நடந்தே செய்து பாருங்கள். பல வண்டிகளில் நடக்கும்போது மோட்டார் தள்ளிவிடும் பொத்தான் உண்டு. மணிக்கு 6 கிலோமீட்டர் வரை தள்ளும். அதை முதலில் சமதரையில் அழுத்திப் பாருங்கள், மேட்டில் வேண்டாம்.

கிளம்புவது

ஆளில்லாத, காய்ந்த, சமமான இடம் வேண்டும். முன்பெட்டி வண்டியாக இருந்தால் பெட்டியின் அடியில் பத்துப் பதினைந்து கிலோ எதையாவது வையுங்கள். முற்றிலும் காலியாக இருந்தால் முன் சக்கரம் இலேசாகி அலைபாயும். லாங்டெயிலுக்கு எதுவும் வேண்டாம்.

மோட்டார் எப்படி உதவும் என்பது சென்சாரைப் பொறுத்தது. டார்க் சென்சார் உள்ள வண்டியில் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப உதவி வரும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சாரில் அப்படியில்லை. அரைச் சுற்று மிதிக்கும் வரை ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் பாயும். நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிக்கொண்டிருக்கும். உங்களுடையது இரண்டாவது ரகமென்றால் உதவியைக் கடைசி நிலைக்குக் குறைத்துவிட்டுத்தான் பழக வேண்டும்.

மெலிதான கியரில், அதாவது எளிதாக மிதிபடும் கியரில் வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலை மேலே, சற்று முன்னால் நிறுத்துங்கள். அந்தப் பெடலில் காலை வைத்து, பார்வையைத் தூரத்தில் பதித்து, பிரேக்கை விட்டு ஒரே அழுத்தாக மிதியுங்கள். தயங்கித் தயங்கிக் கிளம்பினால்தான் ஆட்டம். நின்றுகொண்டிருக்கும்போது பெடலில் கால் இருந்தால் பிரேக்கிலும் கை இருக்கட்டும். சிக்னலில் கால் தவறி அழுத்தி, வண்டி பாய்ந்து முன்னால் நிற்பவரை இடித்த கதைகள் உண்டு.

பார்வை எங்கே இருக்க வேண்டும்

முன்பெட்டி வண்டியில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பாருக்கு நேர் கீழே சக்கரம் இருக்கும். இங்கே சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் இருக்கிறது, நடுவில் ஒரு கம்பியோ கேபிளோ இணைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பெட்டியின் மூக்கைப் பார்க்கிறோம். அது இடப்பக்கம் போனதும் வலப்பக்கம் திருப்புகிறோம். அதற்குள் அது வலப்பக்கம் வரத் தொடங்கியிருக்கும். மறுபடி இடம், மறுபடி வலம். குடித்துவிட்டு ஓட்டுவது போல் வண்டி பாம்பாக நெளியும்.

இதற்கு மருந்து, சக்கரத்தைப் பார்க்காமல் இருப்பது. பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் ஒரு மரமோ சுவரில் ஒரு கறையோ பார்த்துவைத்துக்கொண்டு அதை நோக்கிப் போங்கள். பெட்டி கண்ணின் ஓரத்தில் தெரிந்தால் போதும். கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்த கை ஒவ்வொரு சின்ன அசைவையும் சக்கரத்துக்குக் கடத்திவிடும். இன்னொன்று, பயத்தில் மெதுவாகப் போகாதீர்கள். மணிக்கு 4 கிலோமீட்டரில் ஓட்டுவது கடினம், 10 கிலோமீட்டரில் எளிது. வேகம் கொஞ்சம் ஏறியதும் வண்டி தானே நேராகும்.

நான் பார்த்தவரை பத்தாவது பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு கணம் வரும். அதுவரை ஆடிக்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிட்டார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார், வண்டி அந்த நொடியில் நேராகப் போகும். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

நேராகப் போக வந்த பிறகு பெரிய வட்டம், சின்ன வட்டம், எட்டுப் போடுவது என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். வட்டம் சுருங்கச் சுருங்கப் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி மிதித்தால் வேகம் கைக்குள் நிற்கும். பல வண்டிகளில் பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டார் அணைந்துவிடும், திருப்பத்தில் திடீர்ப் பாய்ச்சல் வராமலிருக்க அதுவும் உதவும். நீளமான வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, மூலையை வெட்டி உள்ளே வரும். நடைபாதை விளிம்பில் இடிக்காமலிருக்கக் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புங்கள்.

கியர்

மோட்டார் பெடல் அச்சில் இருந்தால் உங்கள் கால் பலமும் மோட்டார் பலமும் ஒரே செயின் வழியாகப் போகின்றன. முழு அழுத்தத்தில் கியர் மாற்றினால் படாரென்று சத்தம் வரும், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் போய்விடும். மாற்றும்போது அரை நொடி கால் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். நிற்பதற்கு முன்பே மெலிதான கியருக்கு வந்துவிட வேண்டும். கனமான கியரில் நின்றுவிட்டால், அறுபது கிலோ பாரத்தோடு அங்கிருந்து கிளம்பும்போதுதான் அந்தத் தப்பு உறைக்கும். பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் கியர் உள்ள வண்டியில் நின்றபடியே மாற்றலாம், அதற்காகவே சிலர் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

நிறுத்துவது

இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம். வண்டி 40 கிலோ, ஓட்டுபவர் 70, பாரம் 50 என்றால் மொத்தம் 160 கிலோ. சாதாரண சைக்கிளில் அதே ஆள் போனால் 85 கிலோதான். ஏறக்குறைய இரட்டிப்பு. அதே தூரத்தில் நிற்க வேண்டுமானால் பிரேக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும். அதாவது லீவரை அந்த அளவுக்கு அழுத்த வேண்டும், டிஸ்க்கும் அந்த அளவுக்குச் சூடாகும். பழைய சைக்கிளில் இரண்டு விரல் எவ்வளவு அழுத்தினால் நிற்கும் என்று கைக்கு ஒரு கணக்கு இருக்கும். அது இங்கே செல்லாது.

வேகம் இன்னும் மோசம். மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 25-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 2.8 மடங்கு ஆகிறது. 25-இல் ஒரு நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறது வண்டி. குறுக்கே வரும் நாயைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி எடுத்துக்கொண்டால் அந்த 7 மீட்டர் போய்விட்டது. மிதமாக பிரேக் பிடித்தால் நிற்க இன்னொரு 8 மீட்டர். ஆக 15 மீட்டர். சாலையில் அதைக் காலால் அளந்து பாருங்கள், திகைத்துப்போவீர்கள்.

புது டிஸ்க் பிரேக் முதல் நாளில் சரியாகப் பிடிக்காது. பட்டைகள் டிஸ்க்கில் படிய வேண்டும். வெறும் வண்டியில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தி நடை வேகத்துக்கு இறக்குங்கள். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. வண்டியைப் படிய வைக்கும்போதே உங்கள் கையும் படிந்துவிடும்.

முன் பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. இவ்வளவு நீளமான வண்டி கவிழ்வது அரிது. பயப்பட வேண்டியது வேறு: காலிப் பெட்டியோடு மணல் மேலோ ஈரத்திலோ திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வரக் கூடாது. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, காற்றில் ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். எங்கோ கருகிய வாடை வந்தால் அது உங்கள் பிரேக்தான். ஓரமாக நிறுத்துங்கள், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

முச்சக்கர வண்டிக்கு மட்டும்

இரண்டு சக்கரத்தில் பழகிய உடம்பு இதில் பேலன்ஸ் செய்யப் பார்க்கும். பேலன்ஸ் செய்ய இங்கே ஒன்றுமில்லை. சாலை ஓரம் சரிந்திருந்தால் வண்டியும் சரியும், உடனே விழுந்துவிடுவோம் என்று உடம்பு பதறிக் கைப்பிடியை ஒரு பக்கம் ஒடித்து, வண்டி சாக்கடையில் இறங்கும். காரைத் திருப்புவது போல் நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்புங்கள், அவ்வளவுதான்.

திருப்பத்தில் நடை வேகத்துக்குச் சற்று மேல் போதும். உடம்பை உட்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வேகமாகத் திருப்பினால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். அந்த உணர்வு எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே, திறந்த வெளியில், மெதுவாக ஒரு முறை தெரிந்துகொள்வது நல்லது. காலி வண்டிதான் எளிதில் தூக்கும், தாழ்வாகப் பாரம் இருந்தால் கொஞ்சம் நிதானம் வரும். சாய்ந்து திரும்பும் முச்சக்கர வண்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

பாரம் ஏற்றுவது

வெறும் வண்டி கை வந்த பிறகு உயிரில்லாத பாரம், அப்புறம்தான் உயிருள்ள பாரம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

தண்ணீர் கேன்தான் பழக நல்லது. 20 லிட்டர் என்றால் 20 கிலோ, தராசு தேவையில்லை. ஒரு கேனோடு ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். அடுத்த நாள் இரண்டு. வேண்டுமென்றே ஒரு கேனைப் பாதி நிரப்பிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலையும்போது வண்டி இழுக்கும் இழுப்பு, பின்னால் உட்கார்ந்து நெளியும் குழந்தையின் இழுப்பைப் போலவே இருக்கும். வண்டியும் அதன் கேரியரும் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் தந்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடை என்று போட்டிருந்தால் அதில் வண்டியும் நீங்களும் அடக்கம்.

கனமானது கீழே, நடுவில். லாங்டெயிலில் கனத்தைப் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் இலேசாகி, மேட்டில் கிளம்பும்போது தரையில் நிற்காமல் துள்ளும். ஒரு பக்கப் பையில் மட்டும் சுமையை வைத்தால் வண்டி நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும், மாலையில் தோள் வலிக்கும். கயிறோ பட்டையோ, தொங்கும் நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கினால் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஏற்றும்போது வண்டி ஸ்டாண்டில், பிரேக் பூட்டி இருக்கட்டும். ஸ்டாண்டிலிருந்து இறக்கும் அந்த ஒரு நொடியில்தான் பாரம் முழுவதும் உங்கள் கையில் விழும். இரண்டு கால்களையும் அகலமாக ஊன்றி, வண்டியை நிமிர்த்தியே வைத்திருங்கள். நேராக நிற்கும் வரை 160 கிலோவும் பஞ்சு. சாய்ந்த பிறகு எந்தத் தோளும் தாங்காது. ஒருவேளை கை மீறிப் போனால், கூடவே குனிந்து மெதுவாகப் படுக்க வையுங்கள். காலைக் குறுக்கே கொடுத்துத் தடுக்கப் பார்க்காதீர்கள்.

குழந்தைகளை ஏற்றும்போது ஹெல்மெட், பெல்ட், பின் சக்கரத்தில் கால் போகாமலிருக்கத் தடுப்பு, இவை மூன்றும் இல்லாமல் நகர வேண்டாம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு இரண்டு அடிகூடத் தள்ளிப் போகாதீர்கள். பெரியவரைப் பின்னால் ஏற்றினால் முன்கூட்டியே சொல்லுங்கள்: திருப்பத்தில் நீங்களாகச் சாய வேண்டாம், என்னோடு சேர்ந்தே வாருங்கள். பள்ளம் வந்தால் “பிடிச்சுக்கோ!” என்று குரல் கொடுங்கள். குழந்தை கேள்வி கேட்டால் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லவும் பழக வேண்டும். எனக்கு அது வரவே பல மாதம் ஆயிற்று.

சாலையில்

முதல் பயணத்துக்கு நெரிசலில்லாத நேரம் பார்த்துப் போங்கள். வண்டியின் அகலமான இடம் எது என்று மனதில் இருக்கட்டும்; சிலவற்றில் பெட்டி, சிலவற்றில் கைப்பிடி. நிற்கும் கார்களின் கதவு திறந்தால் தட்டாத அளவுக்கு விலகிப் போங்கள், ஒதுங்கி வழிவிடும் பெருந்தன்மை இந்த இடத்தில் வேண்டாம். முன்பெட்டி வண்டியில் சந்திப்பை எட்டிப் பார்க்கும்போது உங்கள் கண்ணுக்கு முன்பே பெட்டி சாலைக்குள் போயிருக்கும்.

சிறிய முன் சக்கரத்துக்குப் பள்ளம் பெரிதாகத் தெரியும். டிராம் தண்டவாளத்தை முடிந்தவரை குறுக்காகக் கடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிட வேண்டும் என்பது விதி, அமெரிக்காவின் பல மாநிலங்களில் 32. அந்த எல்லையைத் தாண்டியதும் வண்டி சேற்றில் இறங்கியது போல் கனக்கும். பழுதென்று நினைத்துக் கடைக்குப் போய் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இறக்கத்தில் கைப்பிடி நடுங்கத் தொடங்கினால் இறுக்காதீர்கள். முழங்காலால் சட்டத்தை அணைத்து, கையைத் தளர்த்தி, பின் பிரேக்கை மென்மையாகப் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாரம் வைத்த விதத்தையும் முன் டயரின் காற்றையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 500 வாட்-மணி பேட்டரி, கிலோமீட்டருக்கு 10 முதல் 20 வாட்-மணி வரை செலவு என்றால் 25 முதல் 50 கிலோமீட்டர். மேடும் பாரமும் இருந்தால் குறைந்த எண்ணை நம்புங்கள். கூடவே வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், உறைகுளிரில் சார்ஜ் போட வேண்டாம், கொளுத்தும் வெயிலில் விட்டு வைக்கவும் வேண்டாம்.

முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு

புதுச் சக்கரத்தின் கம்பிகள் பாரத்தில் தளரும். ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தமிட்டால் கடையில் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். முன்பெட்டி வண்டியில் கைப்பிடியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் இரண்டு முனைகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். டயர் காற்றை வாரம் ஒரு முறை, பிரேக் பட்டையை மாதம் ஒரு முறை. உரசும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். சாதாரண சைக்கிளைவிடப் பல மடங்கு சீக்கிரம் தேயும், அதனால் ஒரு ஜோடி பட்டையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.